ஃபியூம் ஹூடுக்கு "புகை அலமாரி" வேண்டாம், "ஆவியிழு மாடம்" எப்படி?

நண்பர்களே,

வேதியியல் ஆய்வகத்தில் நச்சு ஆவியை இழுத்து வெளியேற்றும், முன்பக்கம் திறந்த பெட்டிதான் ஃபியூம் ஹூட் (fume hood). செய்முறை நூலில் அதற்கு என்ன தமிழ்ப் பெயர் வைப்பது என்ற பேச்சில் நீங்கள் சொன்ன கருத்துகளுக்கு என் பதில் இது.

> "புகை அலமாரி" எளிது, மாணவர்களுக்குப் புரியும். அதையே வைத்துக்கொள்ளலாம்.

எளிதுதான் ஐயா, ஆனால் அதன் இரண்டு பாதியும் ஆய்வகத்தில் தப்பான பழக்கத்துக்கு வழிவிடும்.

அலமாரி என்று எழுதி ஒட்டினால் அதில் பாட்டில்தான் அடுக்குவார்கள். இப்போதே பல கல்லூரிகளில் அடர் அமிலமும் அம்மோனியாவும் புரோமினும் அதற்குள்தான் குடியிருக்கின்றன. பின்பக்கத் தடுப்புப் பலகையில் மேலும் கீழும் நீளமான இடுக்குகள் இருக்கும், காற்று அவற்றின் வழியாகத்தான் வெளிக்குழாய்க்குப் போகிறது. கீழ் இடுக்கைப் பாட்டில்கள் மறைத்தால் உள்ளே காற்று சுழன்று, ஆவி வேலை செய்பவர் முகத்துக்கே திரும்பி வரலாம். விசிறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

அப்புறம் புகை. புகை என்றால் கண்ணுக்குத் தெரியும் என்று நினைப்போம். உப்புப் பகுப்பாய்வில் வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு நிறமே கிடையாது. அழுகிய முட்டை நாற்றம் காட்டிக்கொடுக்கும் என்று நம்பவும் முடியாது, பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டினாலே சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும்.

> வெறும் "ஹூட்" என்றே எழுதினால் என்ன?

இதுதான் எனக்குப் பெரிய கவலை. நுண்ணுயிரியல் துறையில் லேமினார் ஃப்ளோ மேசையையும் ஹூட் என்றுதான் சொல்கிறார்கள். அது வடிகட்டிய காற்றை வேலை செய்பவரை நோக்கி ஊதுகிற வகை. மாதிரியில் கிருமி படாமல் காக்குமே தவிர ஆளைக் காக்காது. அதில் போய் குளோரோஃபார்மைத் திறந்தால் ஆவி நேராக மூக்கில். ஆகவே காற்று எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பெயரே சொல்லவேண்டும். அதனால்தான் "ஆவியிழு" என்கிறேன். வாயுவும் உண்டே என்று கேட்பீர்கள், பேச்சில் இரண்டுக்கும் ஆவி பொருந்தும். முன்பக்கம் மட்டும் திறந்திருப்பதால் விளக்கு மாடம் போல "மாடம்".

"பாதுகாப்புப் பெட்டகம்" என்ற யோசனையும் வந்தது. அதில் எனக்கு உடன்பாடே இல்லை. 1996 ஆகஸ்டில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான் ஃபியூம் ஹூடுக்குள் வைத்துத்தான் டைமெத்தில் மெர்க்குரி என்ற கொடிய நச்சுத் திரவத்தைக் கையாண்டார், லேட்டக்ஸ் கையுறையும் போட்டிருந்தார். கையுறைமேல் விழுந்த சில துளிகள் ஊடுருவித் தோலுக்குள் போய்விட்டன, 1997 ஜூனில் இறந்தார். இழுக்கும் காற்று மூச்சைத்தான் காக்கும், கையைக் காக்காது. அதற்கு அந்தப் பொருளுக்கேற்ற கையுறை வேண்டும். இல்லாத காவலைப் பெயரில் சொல்லக்கூடாது.

சரி, வாக்கியத்தில் போட்டுப் பார்ப்போம்: "ஆவியிழு மாடத்தின் வாயிலிலிருந்து 15 செ.மீ. உள்ளே தள்ளி வைத்துச் சூடாக்கவும்." "முகப்பில் காற்று நொடிக்குச் சுமார் அரை மீட்டர் வேகத்தில் உள்ளே போகிறதா என்று ஆண்டுதோறும் சோதிக்கவும்." எனக்கு உறுத்தவில்லை.

முன்னால் ஏறி இறங்கும் கண்ணாடிக்கு "தூக்குக் கண்ணாடி" என்று போட்டிருக்கிறேன். "தலையை உள்ளே விடாதே, கண்ணாடியை இறக்கிவிட்டு வேலை செய்" என்று செய்முறை நூலில் அடிக்கடி எழுதவேண்டியிருப்பதால் அதற்கு இன்னும் சின்னதாக ஒரு சொல் தோன்றினால் எழுதுங்கள்.