மாரிலியன் ரசிகர்கள் மட்டும் ஏன் இப்படி இருக்காங்க?

இரவுவண்டி:
மக்களே ஒரு சந்தேகம். பிங்க் ஃப்ளாய்ட், ஜெனிசிஸ் எல்லாம் எனக்கு ஓரளவு கேட்டுப் பழக்கம். மாரிலியன்னு இன்னொரு பிரிட்டிஷ் ராக் பேண்டு, அதுல 'கேய்லி'ங்கற பாட்டு ஒண்ணுதான் தெரியும், எந்த 80ஸ் ஹிட்ஸ் லிஸ்ட்டைப் போட்டாலும் நடுவுல அது வந்து நிக்கும். நல்ல பாட்டுதான், ஆனா தலைல தூக்கி வச்சு ஆடற அளவுக்கு என்ன இருக்குனு நினைச்சு அப்படியே கடந்து போயிடுவேன். போன வாரம் யூடியூப்ல அவங்க 2017ல ராயல் ஆல்பர்ட் ஹால்ல பண்ண கச்சேரி கண்ணுல பட்டுச்சு, வேலை பாத்துட்டே ஓடவிட்டேன், அப்புறம் வேலையே ஓடல. ஆச்சரியம் என்னன்னா முதல் பாதி முழுக்க அவங்க வாசிச்சது அதுக்கு முந்தின வருஷம் வந்த 'எஃப்.ஈ.ஏ.ஆர்.' ஆல்பம், அதுல மூணு பாட்டு ஒவ்வொண்ணும் கால் மணி நேரத்துக்கு மேல. பழைய பேண்டுங்க மேடைல "இப்ப புது ஆல்பத்துலருந்து ஒரு பாட்டு"ன்னு சொன்னா கூட்டம் எந்திரிச்சு பியர் வாங்கப் போகும், நாம பாத்திருக்கோம். இங்க நரைச்ச தலைங்க எல்லாம் அசையாம நின்னு கேக்குது, வரி மாறாம கூடவே பாடுது.

இது என்ன மாதிரி பிரியம்? அப்புறம் எங்க ஆரம்பிக்கலாம், ஃபிஷ் பாடின காலமா, அவருக்கப்புறம் வந்த பாடகர் ஹோகார்த் காலமா? சண்டை போடாம சொல்லுங்க.

பழைய_டேப்_ரெக்கார்டர்:
சண்டை போடாம இதுக்கு பதில் சொல்லவே முடியாது தம்பி, இருந்தாலும் ட்ரை பண்றேன்.

கதை இங்கிலாந்துல ஏல்ஸ்பரிங்கற சின்ன ஊர்ல ஆரம்பிக்குது, 1979. பங்க்ங்கற வேகமான, சின்னச் சின்னப் பாட்டு ராக் வந்து எல்லாத்தையும் அடிச்சுட்டுப் போன சமயம், கீபோர்டு வச்சு நீளப் பாட்டு வாசிக்கறவன ஊரே சிரிச்சுது. அந்த நேரத்துல இவனுங்க அதையேதான் பண்ணுவோம்னு நின்னானுங்க. 1981ல ஸ்காட்லாந்துலருந்து ஃபிஷ் வந்து சேர்றார், ஆறரை அடிக்கு கிட்டத்தட்ட உயரம், மூஞ்சில பெயிண்ட், கோபமும் கவிதையும் கலந்த ஆளு. முதல் சிங்கிளோட பின்பக்கத்துல 17 நிமிஷத்துக்கு மேல ஓடற 'கிரெண்டெல்'னு ஒரு பாட்டு, அதக் கேட்டுட்டு பத்திரிகைக்காரங்க "ஜெனிசிஸ் காப்பி"ன்னு ஒரு முத்திரைய குத்துனாங்க பாருங்க, 40 வருஷமா அது அழியல. பாதி விமர்சகர்கள் அதுக்கப்புறம் இவங்கள கேக்கவே இல்லங்கறதுதான் என் அபிப்பிராயம். 1985ல 'மிஸ்பிளேஸ்டு சைல்ட்ஹுட்', பெர்லின்ல ஹான்சா ஸ்டூடியோல ரெக்கார்ட் பண்ணது, பிரிட்டன்ல முதல் இடம். கேய்லி ரெண்டாவது இடம். அந்தப் பாட்டுக்கப்புறம் அங்க பொண்ணுங்களுக்கு கேய்லின்னு பேர் வைக்கறதே வழக்கமாயிடுச்சு.

1988ல ஃபிஷ் வெளிய போயிட்டார். நியாயமா பாத்தா கதை அங்கயே முடிஞ்சிருக்கணும். ஆனா 1989ல ஸ்டீவ் ஹோகார்த் வந்தார், தான் எழுதின வரி, டெமோ எல்லாத்தையும் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளில போட்டு எடுத்துட்டு வந்தார்னு சொல்வாங்க, அந்த வாளி ரசிகர்கள் நடுவுல சாமி சாமான் மாதிரி ஆயிடுச்சு. அன்னிலருந்து இன்னிவரைக்கும் அதே அஞ்சு பேர்: ஹோகார்த், கிட்டார் ஸ்டீவ் ராதரி, பேஸ் பீட் ட்ரெவாவாஸ், கீபோர்டு மார்க் கெல்லி, ட்ரம்ஸ் இயன் மோஸ்லி. எந்த ராக் பேண்டுல இத பாத்திருக்கீங்க சொல்லுங்க.

இப்ப நீங்க கேட்ட பிரியத்துக்கு வரேன். 1995ல 'அஃப்ரைட் ஆஃப் சன்லைட்' வந்ததோட ஈஎம்ஐ இவங்கள கழட்டி விட்டுடுச்சு, நம்ம மாசத் தவணை இல்ல, ரெக்கார்ட் கம்பெனி. 1997ல புது ஆல்பம் வந்தாச்சு ஆனா அமெரிக்கா டூர் போனா நஷ்டம்னு மார்க் கெல்லி இன்டர்நெட்ல ரசிகர்கள் குழுவுல எழுதுறார். அவ்ளோதான், அமெரிக்க ரசிகர்கள் அவங்களுக்குள்ளயே பேங்க் அக்கவுண்ட் தொடங்கி 60,000 டாலர் வரைக்கும் சேத்து டூருக்கு கூப்பிட்டுட்டாங்க. பேண்டு கேக்கவே இல்ல! அது டயல்-அப் மோடம் கீச்சு கீச்சுன்னு கத்தின காலம், முன்னப்பின்ன தெரியாதவன நம்பி செக் அனுப்பறதுன்னா யோசிச்சுப் பாருங்க. அதப் பாத்துட்டுத்தான் அடுத்த ஐடியா, 'அனோராக்னோஃபோபியா'க்கு ஒரு நோட்டு கூட ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடியே "காசு குடுங்க, ஆல்பம் பண்ணித் தரோம்"னு கேட்டாங்க, 12,000 பேருக்கு மேல குடுத்தாங்க. ஆல்பம் 2001ல வந்துச்சு. இப்படி ஜனங்ககிட்ட காசு திரட்டற கிக்ஸ்டார்ட்டர் சைட்டு வந்ததே 2009லதான். இன்னிக்கு க்ரவுட்ஃபண்டிங்னு பேசறவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு இந்தப் பேண்டு பேரே தெரியாது.

காரம்_கம்மி:
அண்ணே எல்லாம் சரி, நானும் கேக்கறவன்தான், ஆனா ஒரு எதிர்க்கட்சி வேணுமில்ல. ரசிகனே முதலாளியா ஆயிட்டா ஒரு பிரச்சனை இருக்கு, "இது வேணாம் வெட்டுங்க"ன்னு சொல்ல ஆளில்லாம போயிடுது. 2000க்கு அப்புறம் வந்த சில ஆல்பத்துல கத்தரிக்கோல் போட்டிருந்தா இன்னும் நல்லா வந்திருக்கும். 'மார்பிள்ஸ்' டபுள் ஆல்பம் அதுக்கு விதிவிலக்கு, அதுல கை வைக்க மாட்டேன். ஆனா 'ஹாப்பினஸ் இஸ் தி ரோட்' ரெண்டு டிஸ்க்கையும் மொத்தமா உக்காந்து கேக்கச் சொன்னா நான் ஆள விடுங்கன்னுடுவேன்.

இன்னொண்ணு, ஃபிஷ் எழுதின வரிங்கள்ல ஒரு கடி இருந்துச்சு. குடிச்சுட்டு உண்மை பேசறவன் மாதிரி. 'க்ளட்சிங் அட் ஸ்ட்ராஸ்' கேளுங்க, 1987, அந்த மனுஷன் தன்னையே தோலுரிச்சு எழுதியிருப்பார். என்னைக் கேட்டா ஆரம்பிக்க வேண்டிய இடம் அதுதான். ஃபிஷ் 2025ல ஃபேர்வெல் டூர் முடிச்சு ரிட்டயரும் ஆயிட்டார், அதுக்கு வந்த கூட்டத்தையும் கொஞ்சம் பாருங்க, பிரியம் அந்தப் பக்கமும் குறையல.

இரவுவண்டி:
ரெண்டு பேருக்கும் நன்றி. அந்த 12,000 பேர் மேட்டர் இப்பதான் கேள்விப்படறேன். ஆனா காசு குடுத்தது சரி, அதுக்கப்புறம் 20 வருஷத்துக்கு மேல எப்படி தாங்குது? நானும் தான் ஒரு தடவை ஆன்லைன்ல ஏதோ ப்ராஜெக்ட்டுக்கு காசு குடுத்தேன், ஒரு நன்றி மெயில் வந்துச்சு, அதோட சரி.

ஈஸ்ட்ஹாம்_வாசி:
வணக்கம் தம்பி, உதுக்கு நான் பதில் சொல்லுறன். நான் இஞ்ச லண்டனுக்கு வந்து கனகாலம், எனக்கு இந்த பேண்டைக் காட்டினதே வேலைத்தலத்தில இருந்த ஒரு வெள்ளைக்காரர்தான், இப்ப நாங்கள் ரெண்டு பேரும் குடும்பம் மாதிரி.

எப்பிடித் தாங்குது எண்டா, இவையள் குடுக்கிற மரியாதைதான். 'மார்பிள்ஸ்'க்கு முன்கூட்டியே காசு கட்டின ஆக்களின்ர பேர் எல்லாம் அந்த ஸ்பெஷல் எடிஷன் புத்தகத்தில அச்சடிச்சு வந்தது. என்ர நண்பர் தன்ர பேர் இருக்கிற பக்கத்தை விரிச்சு வச்சுக் காட்டுவார், கலியாண ஆல்பம் காட்டுற மாதிரி இல்ல, அதைவிடக் கூட. அதே ஆல்பத்துப் பாட்டு ஒண்டை 2004ல ரசிகர்கள் எல்லாரும் ஒரே கிழமையில வாங்கி பிரிட்டிஷ் சார்ட்டில ஏழாம் இடத்துக்குக் கொண்டு வந்தவை, டிவியும் பத்திரிகையும் முழிச்சுக்கொண்டு நிண்டது.

பேந்து இவையள் ரசிகர்களுக்கெண்டு நடத்துற மாரிலியன் வீக்கெண்ட். நெதர்லாந்தில போர்ட் ஸேலாண்டெ எண்டு கடலோர விடுமுறை ஊர் ஒண்டு, 2007ல இருந்து அங்க நடக்குது. முழு இடத்தையும் எடுத்துப் போடுவினம், ஆயிரக்கணக்கில சனம், அந்தந்த நாட்டுக் கொடியோட வருவினம். மூண்டு இரவும் மூண்டு கச்சேரி, ஒவ்வொண்டும் வேற வேற, ஒரு இரவு ஒரு ஆல்பம் முழுக்க. நான் முதல் தரம் போகேக்க சும்மா ஒரு திருவிழா எண்டுதான் நினைச்சனான், காலமை கடையில பால் வாங்கப் போனா வரிசையில நிக்கிற சனம் எல்லாம் அதே டீ-ஷர்ட், முதல் நாள் ராதரி வாசிச்ச சோலோவைப் பற்றித்தான் கதை. நாலாம் நாள் வீட்ட போக மனம் வராது. காசுக்கணக்குப் பாத்தா வாயைத் திறக்கேலாது, மனுசிக்கு நான் இன்னும் முழுத் தொகை சொல்லேல்ல.

கொரோனாவுக்குப் பிறகு 2021ல டூர் போக வெளிக்கிடேக்க, கொரோனாவால நிண்டு போனா நஷ்டத்துக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கேலாம இருந்தது. அப்ப ரசிகர்களிட்டயே கேட்டவை, நீங்கள் காசு போட்டு வையுங்கோ, டூர் ஒழுங்கா முடிஞ்சா திருப்பித் தாறம் எண்டு. சனம் யோசிக்காமப் போட்டது. 2022ல அடுத்த ஆல்பம் சார்ட்டில ரெண்டாம் இடம். ரேடியோவில ஒருத்தரும் போடாத பேண்டு எண்டதை நினைவில வச்சுக்கொள்ளுங்கோ.

தனி_ட்ராக்:
எல்லாரும் காசு, சார்ட்டுனே பேசிட்டு இருக்கீங்க, பாட்டப் பத்தி யாராவது பேசுங்கய்யா. அஞ்சு பேர் மூஞ்சி நல்லா இருக்குனா 30 வருஷம் கேக்கறாங்க?

'பிரேவ்' (1994) எப்படி வந்துச்சுன்னா, செவர்ன் பாலத்துல தனியா சுத்திட்டு இருந்த ஒரு பொண்ண போலீஸ் கூட்டிட்டுப் போச்சு, அவ யாருன்னு சொல்ல மாட்டேங்கறா, தெரிஞ்சவங்க சொல்லுங்கன்னு ரேடியோல ஒரு அறிவிப்பு. ஹோகார்த் அத கேட்டுட்டு மனசுல வச்சிருந்தார். அந்தப் பொண்ணு அங்க வர வரைக்கும் என்ன நடந்திருக்கும்னு கற்பனை பண்ணி மொத்த ஆல்பமும். கேட்டு முடிச்சா ஒரு மணி நேரம் யார்கிட்டயும் பேசத் தோணாது. எல்பி இசைத்தட்டுல நாலாவது பக்கத்துல ரெண்டு தனித்தனி பள்ளம் வெட்டியிருந்தாங்க, ஊசி எதுல விழுதோ அதப் பொறுத்து ஒண்ணுல அவ பிழைக்கறா, இன்னொண்ணுல இல்ல. எந்த முடிவு வரும்னு ஊசி வைக்கறவனுக்கே தெரியாது. 1994ல சிடி காலத்துல, எத்தன பேர் எல்பி வாங்கப் போறான்னு தெரிஞ்சும் இப்படி ஒரு வேலை பாத்திருக்கானுங்க.

அப்புறம் இந்தக் கதை. டொனால்ட் கேம்பெல்னு தண்ணில படகு வேக சாதனை பண்ற ஆளு, 1967 ஜனவரி 4, கோனிஸ்டன் ஏரில மணிக்கு 300 மைல தாண்டப் போய் படகு பல்டி அடிச்சு இறந்துட்டார். உடம்பும் படகும் ஏரிக்குள்ளயே போயிடுச்சு. 'அஃப்ரைட் ஆஃப் சன்லைட்'ல அவரப் பத்தி ஒரு பாட்டு இருக்கு, 'அவுட் ஆஃப் திஸ் வேர்ல்டு'. அதக் கேட்ட பில் ஸ்மித்னு ஒரு டைவருக்கு மனசு கேக்கல, ஏரில இறங்கித் தேட ஆரம்பிச்சுட்டார். 2001 மார்ச்ல அந்த ப்ளூபேர்ட் படகு வெளிய வந்துச்சு, அன்னிக்கு கரைல ஹோகார்த்தும் ராதரியும் நின்னுட்டு இருந்தாங்க. கொஞ்ச நாள்ல கேம்பெல் உடம்பும் கிடைச்சு முறையா அடக்கம் பண்ணாங்க. ஹிட்டே ஆகாத ஒரு பாட்டு, நம்பர் ஒன் பாட்டு எதுவும் பண்ணாத வேலைய பண்ணியிருக்கு.

காரம்_கம்மி சொன்ன கத்தரிக்கோல் மேட்டர்ல எனக்கும் கொஞ்சம் உடன்பாடு உண்டு. ஆனா அதே சுதந்திரத்துலதான் 'மார்பிள்ஸ்'ல 'தி இன்விசிபிள் மேன்' மாதிரி 13 நிமிஷப் பாட்டு வந்துச்சு, எந்தக் கம்பெனி அத முதல் பாட்டா வைக்க விடும்? ரெண்டையும் சேத்துதான் வாங்கிக்கணும்.

காரம்_கம்மி:
ப்ளூபேர்ட் கதைக்கு என்கிட்ட பதில் இல்ல. ஒத்துக்கறேன். ஹாப்பினஸ் விஷயத்துல ஒத்துக்க மாட்டேன் 😄

பழைய_டேப்_ரெக்கார்டர்:
@இரவுவண்டி, நீங்க ஃப்ளாய்ட் ஆளுங்கறதால என் சிபாரிசு: முதல்ல 'ஈஸ்டர்' ஒரே ஒரு பாட்டு, வட அயர்லாந்து கலவரத்தப் பத்தினது, அதுல ராதரி சோலோ வரும்போது ஃபோன கீழ வச்சுடுங்க. புடிச்சா 'மிஸ்பிளேஸ்டு சைல்ட்ஹுட்' ஒரே மூச்சுல, கேய்லிய தனியா கேக்காம அது நிக்கற இடத்துல கேளுங்க, வேற பாட்டா தெரியும். அப்புறம் 'மார்பிள்ஸ்', டபுள் எடிஷன்தான், சிங்கிள் டிஸ்க்ல 'ஓஷன் க்ளவுட்' இருக்காது. 'பிரேவ்' கடைசி. அவசரப்பட்டு அத மொதல்ல போட்டுடாதீங்க.

இரவுவண்டி:
பிரேவ் போட்டுட்டேன், மூணாவது பாட்டு ஓடுது. @ஈஸ்ட்ஹாம்_வாசி அண்ணா, அந்த நெதர்லாந்து வீக்கெண்டுக்கு டிக்கெட் எப்ப விடுவாங்க, எவ்ளோ முன்னாடி புக் பண்ணணும்?

ஈஸ்ட்ஹாம்_வாசி:
விட்ட உடன வித்துப் போகும் தம்பி. அவையின்ர இணையத்தளத்தில மெயில் லிஸ்டில பேர் குடுத்து வையும். விசாவுக்கும் இப்பவே பாரும். தங்கிற வீட்டை நாலு பேர் பங்கு போட்டா செலவு கொஞ்சம் குறையும், எங்கட வீட்டில ஒரு கட்டில் இருக்கு, ஆனா என்ர நண்பர் நல்லாக் குறட்டை விடுவார், முதலே சொல்லிப் போட்டன்.