பள்ளிக்கூடத்துக்கு ஏஐ மென்பொருள்: வேலையை விட்டுட்டு இறங்கலாமா?

மலையடிவாரம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வயசு 29, சென்னையில ஐடி வேலை, ஆறு வருஷம் ஆச்சு. சொந்த ஊர் வத்தலக்குண்டு பக்கம். அம்மா ஊர்லயே ஒரு நர்சரி பிரைமரி ஸ்கூல்ல டீச்சர். லீவுக்குப் போறப்பல்லாம் பார்க்கறேன், ராத்திரி சாப்பிட்ட தட்டை ஒதுக்கி வச்சுட்டு அதே இடத்துல டெஸ்ட் பேப்பர் கட்டைப் பிரிப்பாங்க. அது முடிஞ்சா பாடக்குறிப்பு. அதுவும் முடிஞ்சா வாட்ஸ்அப் குரூப்ல 'மிஸ், நாளைக்கு கலர் டிரஸ்ஸா?'ன்னு கேட்கறவங்களுக்குப் பதில். ஐடியா அங்கதான் பிறந்துச்சு.

எட்டு மாசமா சனி ஞாயிறுல உட்கார்ந்து ஒரு மென்பொருள் எழுதியிருக்கேன். பாடத்தைச் சொன்னா பாடக்குறிப்பு எழுதிக் கொடுக்கும். விடைத்தாளை போட்டோ எடுத்தா திருத்தி மார்க் போடும். பெற்றோர் கேட்கற கேள்விக்குத் தமிழ்லயே பதில் சொல்லும். கூடவே அட்டெண்டன்ஸ், பீஸ், ப்ரோக்ரஸ் ரிப்போர்ட் எல்லாம். ஒரு பிள்ளைக்கு வருஷம் 300 ரூபாய்னு விலை வச்சிருக்கேன், ஜிஎஸ்டி தனி.

மூணு ஸ்கூல்ல டெமோ காட்டினேன். ஒருத்தர் 'ரொம்ப நல்லா இருக்கு தம்பி, மே மாசம் பேசுவோம்'னாரு. இன்னொரு இடத்துல பிரின்சிபால் மேடம் முழுசா உட்கார்ந்து பார்த்தாங்க, நல்ல கேள்வியா கேட்டாங்க, கடைசியில 'கரஸ்பாண்டன்ட் சார்கிட்ட சொல்றேன்'னு எழுந்துட்டாங்க. மூணாவது இடத்துல ஸ்கூலை நடத்தற கரஸ்பாண்டன்ட்டே இருந்தாரு. அவர் ஏஐ பக்கமே வரலை. 'டீச்சர் எத்தனை மணிக்கு உள்ள வந்தாங்கன்னு இதுல தெரியுமா?' கேட்டது அது ஒண்ணுதான்.

கையில 8 லட்சம் சேமிப்பு. கல்யாணம் ஆகலை (அது வேற பஞ்சாயத்து). ஜூன்ல வேலையை விடலாம்னு இருக்கேன். ஐடியா தேறுமா? மூஞ்சியில அடிச்ச மாதிரி சொன்னாலும் பரவாயில்லை.

டீக்கடை சிஇஓ:

கல்யாணம் முடியறவரை வேலையை விடாதீங்க ப்ரோ. 'ஸ்டார்ட்அப்'னு சொன்னா பொண்ணு வீட்டுல 'அப்ப வேலை இல்லையா?'ம்பாங்க. அனுபவம்.

பீஸ் கவுண்டர் அக்கா:

தம்பி, நான் ஒரு மெட்ரிக் ஸ்கூல் ஆபீஸ்ல 14 வருஷமா இருக்கேன். எல்கேஜியிலருந்து பத்தாவது வரை 640 பிள்ளைங்க. உங்க விலையைக் கால்குலேட்டர்ல போட்டேன். 1,92,000. அதுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், 34,560. வியாபாரியா இருந்தா கட்டின வரியைத் தன் வரியில கழிச்சுக்குவாரு. ஸ்கூல் பீஸுக்கு ஜிஎஸ்டி இல்லைங்கறதால நாங்க கழிக்க வழியில்லை, மொத்தமும் செலவுதான். ஆக 2,26,560. மாசத்துக்கு வகுத்தா 18,880. எங்க ஸ்கூல்ல எம்.எஸ்சி., பி.எட். முடிச்ச டீச்சருக்கே அந்தச் சம்பளம் கிடையாது. எங்க கரஸ்பாண்டன்ட் சார் டெமோ பார்க்கறப்பவே மனசுக்குள்ள இந்தக் கணக்கைத்தான் போடுவாரு. இன்னொரு டீச்சரைப் போட்டுட்டா அட்மிஷன் நோட்டீஸ்ல ஒரு வரி சேர்த்துக்கலாமே.

சாஃப்ட்வேர் எங்ககிட்ட இல்லாம இல்லை. ரெண்டு இருக்கு. ஒண்ணுல ரசீது மட்டும் போடறேன். இன்னொண்ணோட பாஸ்வேர்டு வேலையை விட்டுப் போன கம்ப்யூட்டர் மிஸ்கிட்ட இருக்கு. நிஜக் கணக்கு என் டிராயர்ல ஒரு நீள நோட்டுல இருக்கு. பென்சில்ல.

ஜூன் முதல் வாரம் எங்க கவுண்டர்ல வந்து நில்லுங்க. ஒரு அப்பா வருவாரு. முதல் டெர்ம் 11,500, போன வருஷ பாக்கி 2,200. கையில இருக்கறது 3,000. 'சின்னவளுக்கு ஆயிரம் குறைக்கறேன்னு சார் சொன்னாருங்க'ம்பாரு. எப்பன்னு கேட்டா, கோயில்ல பார்த்தப்பவாம். சாருக்குப் போன் போட்டா, 'சொன்னேன்மா, ஆனா போன வருஷ பாக்கி கட்டினாத்தான்'ம்பாரு. வேன் பீஸ் பாதிதான், ஏன்னா சாயங்காலம் தாத்தா வந்து கூட்டிட்டுப் போயிருவாரு. இப்ப இந்த 3,000த்தை நான் எதுல வரவு வைக்கறது? பாக்கியிலயா, டெர்ம்லயா, வேன்லயா? ரெண்டு சாஃப்ட்வேரும் இந்த இடத்துல நின்னுரும். என் நோட்டுல 'சார் சொன்னது'ன்னு தனியா ஒரு கட்டம் போட்டு வச்சிருக்கேன். பென்சில் எதுக்குன்னா, நாளைக்கே மாத்திச் சொல்லுவாரு. (ரசீது புக் எத்தனைன்னு கேட்காதீங்க, இங்க எழுத மாட்டேன்.)

அடுத்தது எமிஸ், பிள்ளைங்க விவரமெல்லாம் ஏத்தற அரசுத் தளம். புதுப் பிள்ளை சேர்ந்தா பழைய ஸ்கூல்காரங்க எமிஸ்ல காமன் பூலுக்கு விடணும், அங்கருந்து நாங்க எடுக்கணும். விடலைன்னா போன் மேல போன். அப்புறம் மத்திய அரசோட யூடைஸ் பிளஸ் தளம், பிள்ளைக்கொரு அடையாள எண்ணா அபார் ஐடி. ஒரே பிள்ளையோட பிறந்த தேதியை எத்தனை இடத்துலதான் அடிக்கறது? உங்களோடதுலயும் முதல்லருந்து அடிக்கணும்னா நான் மாட்டேன். நான் மாட்டேன்னா உங்க மென்பொருள் ஆகஸ்ட் தாண்டாது. இது மிரட்டல் இல்ல தம்பி, ரெண்டைப் பார்த்துட்டேன்.

ஏஐ தெரியும்னா எனக்கு ஒண்ணு செஞ்சு கொடுங்க. ஆதார்ல ஒரு பேர், பிறப்புச் சான்றிதழ்ல ஒரு பேர், எமிஸ்ல ஒரு பேர். ஒண்ணுல இனிஷியல் முன்னாடி, ஒண்ணுல பின்னாடி, ஒண்ணுல அப்பா பேர் முழுசா. இங்கிலீஷ்ல ஒரு இடத்துல 'எச்' இருக்கும், இன்னொரு இடத்துல இருக்காது. பத்தாவது பொதுத்தேர்வு எழுதறவங்க பட்டியல், அதான் நாமினல் ரோல், போறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வீட்டுலருந்தும் ஆளை வரச் சொல்லி, எழுத்தெழுத்தா காட்டிக் கையெழுத்து வாங்கறோம். போன வருஷம் 52 பேர், நாலு நாள். ஒரு அம்மா கூலி வேலையை விட்டுட்டு ரெண்டு தடவை வந்தாங்க. எந்தப் பிள்ளைக்கு எந்த எழுத்து பொருந்தலைன்னு ஒரு தாள்ல எடுத்துக் கொடுத்தா, சார்கிட்ட நானே சண்டை போட்டுக் காசு வாங்கித் தருவேன்.

சிவப்பு மை:

10ஆம் வகுப்புக் கணக்கு வாத்தியார், தமிழ் வழி. அக்கா எழுதினதுக்கு மேல ஆபீஸ் பத்தி நான் சொல்ல ஒண்ணுமில்லை. விடைத்தாளைப் பத்திச் சொல்றேன்.

போன காலாண்டுல ஆசைப்பட்டு 12 தாளை போட்டோ எடுத்து ஒரு சாட்பாட்ல போட்டேன். 5 மார்க் கணக்கு, இருபடிச் சமன்பாடு. ஒரு பையன் ரெண்டாவது வரியில குறியைத் தப்பா போட்டு, நாலாவது வரியில இன்னொரு தப்பு பண்ணி, ரெண்டு தப்பும் ஒண்ணையொண்ணு தின்னு சரியான விடை வந்துருச்சு. சாட்பாட் 5க்கு 5. நான் 3 போட்டேன். இன்னொரு பொண்ணுக்கு எல்லாப் படியும் சரி, ஆனா அவ எழுதற 7 பார்க்க 1 மாதிரியே இருக்கும். சாட்பாட் 1னு படிச்சுட்டு 2 மார்க் கொடுத்துச்சு. அவ 7 எப்படி இருக்கும்னு எனக்கு ஆறாவதுலருந்தே தெரியும். 12 தாளையும் திரும்ப நானே திருத்தினேன், அதுக்கு மேல அது போட்ட மார்க்கையும் சரிபார்த்தேன். வேலை ரெண்டு மடங்கு. பேப்பர் கொடுக்கற அன்னைக்குப் பையன் வந்து 'சார், ஏன் 2 மார்க் குறைச்சீங்க?'ன்னு கேட்டா, ஆப்தான் போட்டுச்சுன்னு சொல்ல முடியுமா?

பாடக்குறிப்பு? எச்.எம். கையெழுத்துக்காக எழுதறது. மிஷின் எழுதினா இன்னும் நீளமாகும், அவ்வளவுதான்.

ஆனா வினாத்தாள்ல ஒரு தொழில் இருக்கு. எங்ககிட்ட 15 வருஷ வினாத்தாள் ஒரு பென் டிரைவ்ல கிடக்கு. பாதி பாமினி, பாதி வானவில், ரெண்டும் பழைய தமிழ் எழுத்துரு. ஒண்ணை எடுத்து சாட்பாட்ல ஒட்டினேன். 'தமிழ்'ங்கற சொல் நாலு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியுமா வந்து நின்னுச்சு. எல்லாக் கம்ப்யூட்டர்லயும் ஒரே மாதிரி தெரியற யூனிகோடுதான்னு அரசு 2010லயே ஆணை போட்டாச்சு. தெருமுனை டிடிபி கடைக்கு அந்த ஆணை இன்னும் போய்ச் சேரலை. ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் கையால எழுதிக் கொடுத்து, அவர் அடிச்சு, நான் போய்ப் பிழை பார்த்து, பின்னம் எல்லாம் சாய்கோடா மாறியிருக்கறதைத் திருத்தச் சொல்லி, ஒரு தாளுக்கு ரெண்டு சாயங்காலம். பழைய தாளையெல்லாம் யூனிகோடுக்கு மாத்தி, ப்ளூபிரிண்ட் படி பாட வாரியா கேள்வி எடுத்து, எண்ணை மட்டும் மாத்தி, விடையும் ஒழுங்கான எண்ணா வர்ற மாதிரி ஒரு தாள் வந்துச்சுன்னா, ஸ்கூல் வாங்கலைன்னாலும் வாத்தியாருங்க நாங்க ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு வாங்குவோம்.

இன்னொண்ணு. உங்க அம்மா சிரமத்தைப் பார்த்து ஆரம்பிச்சீங்க. கரஸ்பாண்டன்ட் கேட்டது டீச்சர் வந்த நேரம். ரெண்டையும் ஒரே ஆப்ல வச்சா ஸ்டாஃப் ரூம்ல அதுக்கு வேவுக்காரன்னு பேர் விழுந்துரும். அதுக்கப்புறம் அதுல ஒரு மார்க்கைக் கூட நேரத்துக்கு ஏத்த மாட்டோம். நெட் வரலை சார்னு சொல்லிருவோம்.

ஷட்டர் போட்டவன்:

2018ல நானும் இதே கடைதான் போட்டேன், ஏஐங்கற போர்டு மட்டும் இல்லை. 2022ல ஷட்டர் இறக்கினேன். கையெழுத்து போட்ட ஸ்கூல் 31. ரெண்டாவது வருஷமும் காசு கொடுத்தது 9. நடுவுல 2020 மார்ச்ல பள்ளியெல்லாம் மூடினதும் மீதிப் பேர் போனை எடுக்கறதையே நிறுத்திட்டாங்க. அதை மட்டும் காரணமா சொன்னா பொய். அதுக்கு முன்னாடியே ஆட்டம் கண்டிருந்துச்சு.

முதல்ல தேதி. ஸ்கூலுக்குக் காசு புழங்கறது ஏப்ரல்லருந்து ஜூன். அடுத்த வருஷத்துக்கு எது வேணும்னு யோசிக்கறது பிப்ரவரியிலருந்து மே. நீங்க ஜூன்ல வேலையை விடறேங்கறீங்க. தீபாவளிக்கு மறுநாள் பட்டாசுக் கடை திறக்கற மாதிரி. அடுத்த சீசன் வரைக்கும் அந்த 8 லட்சத்தைத்தான் தின்னுட்டு உட்கார்ந்திருக்கணும்.

'மே மாசம் பேசுவோம்'ங்கறதை ஆர்டர்னு நினைச்சுராதீங்க. கரஸ்பாண்டன்ட் வீட்டுல பெங்களூர்ல வேலை பார்க்கற ஒரு மருமகனோ மச்சினனோ இருப்பாரு. 'இதை நானே நாலு நாள்ல பண்ணித் தர்றேன் மாமா'ம்பாரு. பண்ண மாட்டாரு. ஆனா உங்க பில்லும் பாஸ் ஆகாது.

நான் பண்ணின தப்பு ஒண்ணு, யார் கேட்டாலும் சேர்த்தேன். ஒரு கரஸ்பாண்டன்ட் கேட்டாருன்னு, பீஸ் பாக்கி இருந்தா டிசி பிரிண்ட் ஆகாத மாதிரி பூட்டு வச்சேன். அப்ப அதுதான் நல்லா வித்துச்சு, பெருமையா வேற இருந்துச்சு. 2024ல சென்னை உயர்நீதிமன்றம், டிசியைப் பாக்கி வசூலிக்கற கருவியாக்கக் கூடாது, பாக்கின்னு அதுல எழுதவும் கூடாதுன்னு சொல்லிருச்சு. அதுக்கு முன்னாடியே கடையைச் சாத்தினதால தப்பிச்சேன். இல்லைன்னா அந்தப் பூட்டைக் கழட்டச் சொல்லி ஒருத்தர், கழட்டாதேன்னு ஒருத்தர்.

இன்னொண்ணு உங்க பெற்றோர் சாட்பாட். 2023ல வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயசுக்குக் கீழ இருக்கற எல்லாரும் குழந்தைதான். அவங்க தரவைத் தொடணும்னா பெற்றோர் சம்மதத்தைச் சரிபார்க்கற விதத்துல வாங்கணும். கல்வி நிறுவனங்களுக்குச் சில விலக்கு கொடுத்திருக்காங்க. அது உங்க கம்பெனிக்கும் தானா வந்துரும்னு நம்பாதீங்க, ஒரு வக்கீல்கிட்ட காசு கொடுத்துக் கேளுங்க. பிள்ளையோட மார்க், வீட்டு விலாசம், வேன் ஏறற இடம், எல்லாம் வச்சிருக்கீங்க. வெளிய போச்சுன்னா ஸ்கூல் உங்களைத்தான் கை காட்டும்.

அக்கா சொன்ன பேர்ப் பட்டியல் சின்ன வேலைன்னு ஒதுக்காதீங்க. எனக்கு 2018ல அந்த அக்கா மாதிரி ஒருத்தர் இதைச் சொல்லியிருந்தா இன்னைக்கு இங்க வேற பேர்ல எழுதிட்டு இருப்பேன்.

மலையடிவாரம்:

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு தடவை படிச்சேன். அம்மாவுக்கும் படிச்சுக் காட்டினேன். 1 மாதிரி 7 எழுதற பொண்ணு கதைக்குச் சிரிச்சுட்டு, 'எங்க கிளாஸ்ல ஒருத்தன் ழ போட்டா அது ம மாதிரி இருக்கும்'னாங்க. எட்டு மாசத்துல ஒரு தடவை கூட அம்மாவோட நிஜமான கட்டுல ஒரு தாளை எடுத்துப் போட்டு நான் சோதிக்கலை. எல்லாம் நானே எழுதின விடைத்தாள்.

வேலையை இப்ப விடலை. விடைத்தாள் திருத்தறதையும், வந்த நேரம் பார்க்கறதையும் எடுத்துட்டேன். பாமினி, வானவில் ரெண்டையும் யூனிகோடுக்கு மாத்தறது ஒரு சனிக்கிழமை வேலைதான், அதைப் பண்ணிட்டேன். பின்னம்தான் உதைக்குது. சிவப்பு மை சார், பழைய தாள் ஒரு பத்து கிடைக்குமா?

அக்கா, அடுத்த வாரம் ரெண்டு நாள் லீவு போட்டு வரலாம்னு இருக்கேன். அந்தப் பென்சில் நோட்டை ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?

பீஸ் கவுண்டர் அக்கா:

போட்டோவா? நல்ல கதை. பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பாருங்க. செவ்வாய்க்கிழமை வாங்க, சார் அன்னைக்கு ஊர்ல இருக்க மாட்டாரு. லேப்டாப் வேண்டாம், லேப்டாப்பைப் பார்த்தா இன்ஸ்பெக்ஷன்னு நினைச்சுருவாங்க. ஒரு பென்சில் கொண்டு வாங்க.