அம்மாச்சியோடு மீன் பிரிக்கப் போன என் மகள்

தங்கச்சிமடத்தில் என் அம்மா மீன் பிரிக்கிற வேலைக்குப் போகிறவர். விசைப்படகு மீனைக் கொட்டியதும் இறால், நண்டு, கணவாய், காரல் எல்லாம் தனித்தனிக் கூடைக்குப் போகும். மிச்சம் சங்காயம், கோழித்தீவனத்துக்கு. போன லீவில் மூன்றரை வயது மகளோடு நானும் போயிருந்தேன்.

அம்மாச்சியைப் பார்த்துப் பார்த்து அவளும் பிரிக்க உட்கார்ந்துவிட்டாள். மணலில் பொறுக்கிய சிப்பிகள், இரண்டு சோழி, ஒரு சோடா மூடி. முதலில் வெள்ளைச் சிப்பிகளாக வரிசை வைத்தாள். நடுவில் திடீரென்று சோடா மூடி வந்தது, அதன் பக்கத்தில் உருண்டையான நத்தைக்கூடு. மூடியை எடுக்கக் கை நீட்டினேன்.

“விடுடி. எதுக்கு வச்சேன்னு அவகிட்ட கேளு” என்றார் அம்மா.

கேட்டேன். “இதுவும் வட்டம்மா. இது நத்தையோட தட்டு.”

குழந்தைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே பற்றி ஆசிரியர் பயிற்சியில் படித்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சின்ன வயதில் பிரிக்கும்போது விதி பாதியிலேயே மாறும். நிறத்தில் தொடங்கி வடிவத்துக்குத் தாவி, கடைசியில் கதையாகவோ படமாகவோ முடியும் என்கிறார். அதைத் தப்பு என்று நினைத்துத்தான் நான் கை நீட்டியிருக்கிறேன்.

அன்றைக்கே அண்ணன் மகனிடமும் ஒன்று கேட்டுப் பார்த்தேன். அவனுக்கு ஐந்து வயது. ஏழு காரல், மூன்று நெத்திலி வைத்து, “காரல் நிறைய இருக்கா, மீன் நிறைய இருக்கா?” என்றேன். “காரல்தான் அத்தை!” நெத்திலியும் மீன்தான் என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் காரலை நெத்திலியோடுதான் ஒப்பிடுகிறான், மொத்த மீனோடு இல்லை. பியாஜே மரமணிகளை வைத்துக் கேட்டபோதும் சின்னப் பிள்ளைகள் இப்படித்தான் சொன்னார்கள். ஏழெட்டு வயதில் தானாகப் பிடிபடும், அதனால் நான் திருத்தவில்லை.

ஊருக்குக் கிளம்புகிற அன்று மகள் அதே சிப்பிகளை மறுபடி கொட்டினாள். இந்தத் தடவை இரண்டே குவியல். நிறமும் கலந்திருந்தது, அளவும் கலந்திருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு சிப்பியை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். உச்சியில் ஊசி குத்தியதுபோல வட்டமாக ஒரு துளை. சிப்பியைத் தின்னும் நத்தைகள் போடுகிற துளை அது. இத்தனை வருஷம் அந்தக் கரையில் நடந்தும் நான் கவனித்ததே இல்லை.

“இது ஓட்டை, இது ஓட்டை இல்ல” என்றாள்.

அம்மா பழைய வலையிலிருந்து ஒரு நூலை உருவி, ஓட்டைக் குவியலை அப்படியே கோத்து அவள் கழுத்தில் போட்டுவிட்டார்.