மணவாளக்குறிச்சி மணல்ல பீரங்கி ஷெல்லுக்கும் தகரத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியுமா?

தோவாளை_பையன்:
வணக்கம் அண்ணன்மாரே, நாகர்கோவில் பக்கம் ஈசிஇ கடைசி வருஷம் படிக்கேன். மண்ணுக்குள்ள வெடிக்காம கெடக்க ஷெல்ல கண்டுபிடிக்கதுதான் ப்ராஜெக்ட், பல்ஸ் இண்டக்‌ஷன் டிடெக்டர் (காயில்ல கரண்ட விட்டு விட்டு கட் பண்ணி உலோகத்த தேடுத மெஷின்) செஞ்சாச்சு. ஷெல்லுக்குப் பதிலா கனமான இரும்பு பைப்ப புதைச்சுப் பாத்தோம், பீப் வருது, ஆனா தகர டப்பாவுக்கும் அதே பீப்தான். எதுன்னு சொல்லணும்ங்காரு கைடு. இன்னொண்ணு, மணவாளக்குறிச்சி கடக்கரைல ஒண்ணுமில்லாத எடத்துலயும் கத்துது. கருமணலா, இல்ல காயில் கோளாறா?

மார்த்தாண்டம்_சர்வே:
மக்கா, பீப்ப நம்புனா ஆணியும் மூடியுமா தோண்டிட்டு கெடப்ப. மேலாப்புல கெடக்க தகரமும் ஆழத்துல கெடக்க ஷெல்லும் ஒரே அளவு சிக்னல் தரலாம், தூரம் ரெண்டு மடங்கானா சிக்னல் ஏறக்குறைய 64ல ஒரு பங்காயிரும்லா. கரண்ட கட் பண்ணின பெறவு சிக்னல் எப்பிடி அடங்குதுன்னுதான் பாக்கணும். எடி கரண்ட், அதாவது உலோகத்துக்குள்ள சுத்துத கரண்ட், மெல்லிசு தகரத்துல டக்குன்னு செத்துரும், கனத்த சுவர் உள்ள ஷெல்லுல மில்லிசெகண்ட் கணக்குல இழுக்கும். ஷெல் தேடுத இஎம்61 மார்க் 2 மெஷின்ல 216ல இருந்து 1266 மைக்ரோசெகண்ட் வர நாலே டைம் கேட்தான் (சிக்னல அளக்க நேரம்), அமெரிக்க நேவி லேப் செஞ்ச டெம்டாட்ஸ் மெஷின் 25 மில்லிசெகண்ட் வர கேக்கும். நீ ஏடிசி (சிக்னல நம்பரா மாத்துத சிப்) வச்சு முழு கர்வையும் சேவ் பண்ணு.

கொளச்சல்_காத்து:
அண்ணன் சொன்னது கனத்துக்கு சரி, வடிவத்துக்கு பத்தாது. உருண்டு நீண்ட சாமானுக்கு நீளவாக்குல ஒரு பதில் சிக்னல் பெருசாவும் குறுக்க ரெண்டு பதில் சமமாவும் வரும், நசுங்குன தகரத்துல மூணும் மூணு விதமா நிக்கும். மெட்டல்மேப்பர்ங்க மெஷின்ல மூணு திசைக்கு மூணு காயில் வச்சது இதுக்குத்தான். உங்கிட்ட ஒண்ணுதான் இருக்குன்னா அதையே சுத்தி சுத்தி வச்சு ரீடிங் எடுத்து பைத்தான்ல டைபோல் ஃபிட் போடு, அதாவது சாமான ஒரு குட்டி காந்தமா நெனச்சு ரீடிங்கோட பொருத்திப் பாரு. பக்கத்து பக்கத்துல ரெண்டு இரும்பு கெடந்தா இந்தக் கணக்கு சொதப்பும், அதையும் ரிப்போர்ட்ல எழுது, எவனும் எழுத மாட்டான்.

மணலுக்கு வருவோம். காயில வானத்துல தூக்கிப் பிடி, அப்பவும் கத்துனா காயில்தான் கோளாறு. இல்லன்னா தண்ணி ஓரத்துலயும் காஞ்ச மேட்டுலயும் வச்சுப் பாரு. ஈரத்துல மட்டும் வந்தா உப்புத்தண்ணி, அது ஆரம்பத்துல வந்துட்டு சீக்கிரம் போயிரும். ரெண்டுலயும் வந்தா மண்ணுக்குள்ள காந்தத் துகள், கருமணல்ல உள்ள இல்மனைட் தாது காந்தத்துக்கு லேசாத்தான் அசையும், மேக்னடைட்ங்க இரும்புத் தாது நுணுக்குதான் வில்லன், அது நேரத்துக்கு எதிர்விகிதத்துல மெதுவா எறங்கும். ஹவாய்ல கஹோலாவே தீவுல எரிமலை மண்ணால இதே தலவலி.

குழித்துறை_அக்கா:
தம்பி, நெசமான பழைய ஷெல்லு கெடக்குன்னு எவனாவது கொண்டாந்தா தொடாத, எடத்த விட்டு வெலகி 112க்கு அடி. பைப்பே போதும் உனக்கு.

தோவாளை_பையன்:
சாயங்காலம் போய்ப் பாத்தோம். காஞ்ச மேட்டுல அமைதி, தண்ணி ஓரத்துலதான் கத்துது, கரண்ட் கட் ஆன பெறவு எடுக்க முதல் சாம்பிள 15ல இருந்து 40 மைக்ரோசெகண்டுக்கு தள்ளினதும் அடங்கிட்டு. டைபோல் ஃபிட்டுக்கு எத்தன பாயிண்ட் வேணும்ணே?

கொளச்சல்_காத்து:
எண்ணிக்கைய விட காயில் இருந்த எடம் சென்டிமீட்டர் சுத்தமா தெரியணும். மரப்பலகைல கட்டம் போட்டு மேல வச்சு எடு. ஆணி அடிக்காத பலகையா பாத்து எடு மக்கா.