கிளானை உடைத்தது நீதிமன்றமா, எஃப்பிஐயா?

பழுவூரான்:
என் பார்வையில், கு க்ளக்ஸ் கிளான் என்ற அமெரிக்க வெள்ளையின வெறி அமைப்பை உடைத்தது 1987 நீதிமன்றத் தீர்ப்புதான். 1981 மார்ச்சில் அலபாமாவின் மொபைல் நகரில் 19 வயது கறுப்பின இளைஞர் மைக்கேல் டொனால்டைக் கிளான்காரர்கள் கொன்று மரத்தில் தொங்கவிட்டார்கள். கொலையாளிகள் தண்டிக்கப்பட்டார்கள், அமைப்புக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. அதனால்தான் தாய் பியூலா மே, கொலையாளிகள் சார்ந்திருந்த கிளான் பிரிவான யுனைடெட் கிளான்ஸ் ஆஃப் அமெரிக்கா மீதே உரிமையியல் (சிவில்) வழக்குத் தொடுத்தார். ஊழியர் செய்த கேட்டுக்கு நிறுவனம் பொறுப்பு என்கிற அதே வாதம். சிவில் வழக்கில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, சாட்சியத்தின் எடை ஒரு பக்கம் சாய்ந்தால் போதும். வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி 70 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது.

வைகைக்கரை:
அது காகிதத்தில் இருந்த தொகை ஐயா. தாயின் கைக்கு வந்தது அந்த அமைப்பின் டஸ்கலூசா தலைமையகக் கட்டடம். விற்றதில் கிடைத்தது ஏறத்தாழ 52,000 டாலர். பெரிய அமைப்பிடம் அவ்வளவுதானா இருக்கும்? முன்பே கூடாகிப் போயிருந்தது. 1964 முதல் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ உளவாளிகளை உள்ளே நுழைத்தது. உறுப்பினர் பதிவேடுகளை நாடாளுமன்றக் குழுவிடம் தர மறுத்த அதன் தலைவர் ராபர்ட் ஷெல்டன் சிறைக்குப் போனார்.

பழுவூரான்:
அந்த உளவாளிகளைப் பற்றியும் பேசுவோம். 1965இல் குடியுரிமைப் போராளி வயோலா லியுஸோவைச் சுட்ட கிளான்காரர்களின் காரிலேயே எஃப்பிஐயின் ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பர்மிங்ஹாம் தேவாலயக் குண்டுவெடிப்பில் 4 சிறுமிகள் இறந்தது 1963இல். எஃப்பிஐ 1964இல் ரகசியமாகப் பதிவுசெய்த ஒலிநாடாவை ஜூரி கேட்டது 2001இல்! அத்தனை ஆண்டுகள் அந்தக் குண்டுவெடிப்புக் குற்றவாளியான கிளான்காரன் பிளாண்டன் வெளியே நடமாடினான். இதையா உடைத்தது என்கிறீர்கள்?

வைகைக்கரை:
பர்மிங்ஹாம் விஷயத்தில் மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை, அது பெருங்குற்றம். ஆனால் வழக்குகளின் பக்கவிளைவைப் பாருங்கள். சொத்தும் பெயரும் உள்ள அமைப்பு மீதுதான் வழக்குப் போட முடியும் என்று கண்டுகொண்டு, தலைமையே இல்லாத சிறு குழுக்களாகச் சிதறினார்கள். ஓக்லஹோமா நகரில் 1995இல் தீவிர வலதுசாரி ஒருவன் வைத்த குண்டில் 168 பேர் இறந்தார்கள். இழப்பீடு கேட்க அங்கே எந்த அமைப்பு இருந்தது?

பழுவூரான்:
ஆண்டு இடிக்கிறதே. கிளான் தலைவர்களில் ஒருவரான லூயிஸ் பீம் 'தலைமையற்ற எதிர்ப்பு' என்ற கட்டுரையை எழுதியது 1983இல், தீர்ப்புக்கு 4 ஆண்டுகள் முன்பு. அந்தக் கட்டுரையின் பயமே ஊடுருவல்தான்: மேலிருந்து கீழாக அடுக்கிய அமைப்பில் ஒரு உளவாளி போதும், மொத்தச் சங்கிலியும் அறுந்துவிடும் என்பது. சிதறலுக்குக் காரணம் தேடினால் உங்கள் எஃப்பிஐயிடம்தான் போக வேண்டும்.

வைகைக்கரை:
அப்படியானால் ஊடுருவல் பலித்தது என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்.