டாக்ஸி பண்றப்பவே (தரையில உருட்டிட்டு போறப்பவே) கவுந்துடுது, எம்ஐ-24 ஹெலிகாப்டர் ஓட்டுறவங்க சொல்லுங்க

சிமுலேட்டர்ல எம்ஐ-24பி ஓட்டுறேன், ஓட்டுறேன்னு என்ன, பறக்குறதுக்கு முன்னாடி தரையிலயே கவுத்துட்டு இருக்கேன். மூணு வாரமா இதே கதை. ஜார்ஜியா நாட்டு பாதுமி ஏர்போர்ட், பார்க்கிங்ல இருந்து ரன்வேக்கு போறப்ப இடது பக்கம் திரும்பணும், பெடலை அமுக்குனதும் வலது சக்கரம் அமுங்குது, இடது சக்கரம் லேசா தூக்குது, ரெண்டே செகண்ட்ல பிளேடு தரையில அடிச்சு எல்லாம் போச்சு. வலது பக்கம் திரும்புனா பிரச்சனையே இல்ல. இதுல மெயின் ரோட்டரே 2.5 டிகிரி வலப்பக்கம் சாஞ்சிருக்குமே, அதனாலயோ என்னவோ.

வேகத்தை ஆள் நடக்குற அளவுக்கு குறைச்சுட்டேன், ராக்கெட்லாம் கழட்டிட்டேன், பெடல் கர்வ் (பெடல் எவ்வளவு வேகமா வேலை செய்யணும்ங்கிற செட்டிங்) மாத்தியாச்சு. ஸ்டிக்கை திருப்பத்து பக்கமே சாய்க்கிறேன். சக்கரம் தூக்குனா கலெக்டிவ்வை (ஹெலிகாப்டரை மேல தூக்குற லீவரை) இறக்கணும்னு நல்லாவே தெரியும், ஆனா பதட்டத்துல கை மேலதான் இழுக்குது. தனி பெடல் கிடையாது, ஸ்டிக்கைத் திருகுனா பெடலா வேலை செய்யுற ட்விஸ்ட் ஸ்டிக்தான்.

இடது திருப்பத்துல ஸ்டிக்கை பெடலுக்கு முன்னாடியே சாய்ச்சு வச்சுக்கணுமா, இல்ல ரெண்டையும் ஒண்ணா கொடுக்கணுமா?