பதில்: மாணவர் நடத்தும் பழைய யூத வழக்கு விசாரணைக்கு என்ன பெயர்?

> ‘வழக்காடு மன்றம்’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? கம்பன் விழாவில் கைகேயியைக் கூண்டில் ஏற்றுவதில்லையா?

வணக்கம் ஐயா. பழைய யூத விதிப்படி நம் மாணவர்கள் வகுப்பில் நடத்திப் பார்க்கும் விசாரணைக்குத்தான் தமிழ்ப் பெயர் தேடுகிறோம்.

எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் இங்கே ஒட்டாது, ஏனென்றால் பழைய யூத மன்றத்தில் வழக்காடுவதற்கென்று தனியாக ஆளே கிடையாது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னா, கொலை வழக்கை 23 நீதிபதிகள் விசாரிப்பதாகச் சொல்கிறது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிய அரைவட்டமாக உட்காருவார்கள். சாட்சியைக் குடைவதும் அவர்கள்தான், விடலாமா தண்டிக்கலாமா என்று தங்களுக்குள் வாதிடுவதும் அவர்கள்தான். நம் பிள்ளைகளுக்குக் கறுப்புக் கோட்டு மாட்டி இரண்டு கட்சியாகப் பிரித்தால், அவர்கள் கற்பது அமெரிக்கச் சட்டமாக இருக்கும்.

> அப்படியானால் ‘மாதிரி நீதிமன்றம்’?

சட்டக் கல்லூரிகளில் அது வேறு. நடந்தது என்ன என்பதை முன்பே தாளில் கொடுத்துவிட்டு, சட்டத்தை மட்டும் வாதிட வைப்பார்கள். யூத விசாரணையில் சாட்சியை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? யூத நாள்காட்டியின் எந்த ஏழாண்டுச் சுற்று, எந்த ஆண்டு, மாதம், தேதி, கிழமை, நேரம், இடம் என்று ஏழு கேள்வி. அதற்கு மேலும் துருவலாம். பென் சக்காய் என்ற பழைய யூத அறிஞர் அத்திப்பழக் காம்பைப் பற்றிக்கூடக் கேட்டாராம். குறைந்தது இரண்டு சாட்சி, இருவர் சொல்லும் ஒத்துப்போக வேண்டும்.

‘போலி விசாரணை’ வேண்டவே வேண்டாம், போலீஸ் செய்தி மாதிரி இருக்கிறது.

என் பரிந்துரை: பயில்மன்று. அதில் எடுக்கும் கற்பனை வழக்கு, பயில்வழக்கு. ‘பயில்’ என்பதை நான் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. நீதிபதிகளுக்கு எதிரே மூன்று வரிசையில் மாணவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், அவரவர் இடம் அவரவருக்குத் தெரியும். உயிர்த்தண்டனை வழக்கில் ஒரு மாணவர் எழுந்து ‘குற்றவாளி என்பதற்கு என்னிடம் வாதம் உண்டு’ என்றால் வாயடைத்துவிடுவார்கள். ‘விடுவிக்க வாதம் உண்டு’ என்றால் மேலே அழைத்துத் தங்களோடு உட்கார வைப்பார்கள், அன்று முழுக்க அவர் கீழே இறங்குவதில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் வேலை கொடுக்கும் விதி இது.

ஆசிரியர்கள் கவனத்துக்கு ஒன்று. இவ்வழக்கில் விடுதலையை அன்றே சொல்லலாம், தண்டனையை மறுநாள்தான் சொல்லலாம். ஒரே பீரியடில் முடித்தாக வேண்டுமென்றால் குற்றவாளி தப்பித்துவிடுவார்!

பழைய யூத நீதிமன்றத்தின் பெயரான ‘சன்ஹெட்ரினை’ அப்படியே வைத்துக்கொள்ளலாம். தமிழ் விவிலியத்தின் ‘ஆலோசனைச் சங்கம்’ இன்று ஏதோ கமிட்டி போலக் கேட்கிறது. குற்றம் செய்யப்போகிறவனிடம், ‘இதற்கு இன்ன தண்டனை’ என்று சாட்சிகள் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்பதும் விதி. அதற்கு ‘முன்னெச்சரிக்கை’ சரிவராது, புயல் அறிவிப்பு ஞாபகம் வருகிறது. ‘செயல்முன் எச்சரிப்பு’ எப்படி?

- - -

> பயில்மன்று நன்று, அம்மா. ஆனால் சொத்து வழக்கில் வாதி, பிரதிவாதி தாங்களே பேசுகிறார்களே. அங்காவது வழக்காடு மன்றம் என்று சொல்லக்கூடாதா?

ஐயா, மிஷ்னாவில் சொத்து வழக்குகளைப் பேசும் பாவா மெட்சியா பகுதியின் முதல் வழக்கையே பாருங்கள். ஒரே மேலாடையை இருவர் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். ‘நான்தான் கண்டெடுத்தேன், முழுதும் எனக்கு’ என்கிறார் ஒருவர். இன்னொருவரும் அதையே சொல்கிறார். நீதிபதிகள் மூன்று பேர். இதில் பாதிக்குக் குறையாமல் எனக்குப் பங்குண்டு என்று இருவரும் சத்தியம் செய்துவிட்டு, ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். நாவன்மைக்கு அங்கே என்ன வேலை?

பயில்மன்று, பயில்வழக்கு இரண்டையும் கலைச்சொல் பட்டியலில் ஏற்றுகிறேன். செயல்முன் எச்சரிப்பைப் பற்றிச் சட்டம் படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள். ‘எச்சரிப்பா’, ‘எச்சரிக்கையா’ என்பதில் எனக்கே இன்னும் முடிவு வரவில்லை.